இதயமும் உலைப்பானையும்

யாரும் காணாத ஒன்றைக் கண்டு சொல்கிறவனுக்கு உவமையைத் தவிர வேறு கதியில்லை. கேட்கிறவனுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, "அது இதைப் போல இருந்தது" என்றுதான் அவன் ஆரம்பிக்க வேண்டும். உவமை நன்றாக அமைந்துவிட்டால் கேட்டவனும் கண்டவனாகிவிடுகிறான். மோசமாக அமைந்துவிட்டாலோ, ஏற்கெனவே தெரிந்திருந்த சாமான் மட்டும் அவன் கையில் மிஞ்சுகிறது. காணப் போன பொருள் போன இடம் தெரிவதில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. தாமரை முகம், வில் புருவம் என்றெல்லாம் எழுதிவிட்டு, "அந்தப் பெண் எப்படித்தான் இருப்பாள்?" என்று வாசகர் கேட்டால் விழிக்கிறோம். ஆனால் இப்போது நான் விசாரிக்க எடுத்துக்கொண்டது கதைகளை அல்ல. சூரிய மண்டலத்தின் ஓரத்திலே கிடக்கும் பனிக்கட்டி உலகங்களை ஆளில்லாத யந்திரக் கலங்கள் போய்ப் பார்த்தன, படங்கள் அனுப்பின. அந்தப் படங்களையும், அவற்றைச் சுற்றி எழுந்த வசனத்தையுமே விசாரிக்கப் போகிறேன். விஞ்ஞானிகள் நிருபர்களிடம் சொன்னது, பத்திரிகைகள் தலைப்பாகப் போட்டது, ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தது எல்லாம் சேர்ந்து ஒரு தனி இலக்கியமாகவே ஆகிவிட்டது. இலக்கியம் என்றால் அதற்கு விமர்சனமும் உண்டுதானே?

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். 1930-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி, அமெரிக்காவின் அரிஸோனா ராஜ்யத்தில் உள்ள லோவெல் வான ஆராய்ச்சி நிலையத்தில், கிளைட் டாம்பா என்ற 24 வயது இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு போட்டோத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, நட்சத்திரக் கூட்டத்தினிடையே ஒரு புள்ளி மட்டும் இடம் பெயர்ந்திருந்தது. அந்தப் புள்ளி ஏறக்குறைய 85 வருஷம் புள்ளியாகவே இருந்தது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிகூடச் சில மங்கலான திட்டுகளுக்கு மேல் எதையும் காட்டவில்லை.

2006 ஜனவரி 19 அன்று நியூ ஹொரைஸன்ஸ் என்ற கலம் புறப்பட்டது. ஒரு பெரிய பியானோவின் பருமன். எடை 478 கிலோ. சூரிய வெளிச்சம் மிகவும் மங்கிப்போன தூரத்துக்குப் போவதால் புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டது. புளூட்டோவை நெருங்கிய சமயத்தில் அதனிடம் இருந்தது சுமார் 200 வாட். நம் வீட்டுப் பழைய குண்டு பல்புகளில் இரண்டு எரியப் போதும், அவ்வளவுதான். டாம்பாவின் அஸ்தியிலும் ஒரு சிட்டிகை அதில் வைத்து அனுப்பியிருந்தார்கள். 9½ வருஷப் பிரயாணம். 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவின் தரையிலிருந்து சுமார் 12,500 கி.மீ. தூரத்தில், வினாடிக்கு 14 கி.மீ. வேகத்தில், அது கடந்து போயிற்று.

கடந்து போயிற்று என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அது நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. அந்த வேகத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய எரிபொருளை அந்தச் சின்னக் கலம் சுமந்திருக்க வழியில்லை. புளூட்டோ தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள ஆறு நாளுக்கு மேல் ஆகிறது. ஆகையால் ஒரு பக்கத்தை மட்டுமே கிட்டத்தில் பார்க்க முடிந்தது. மறுபக்கத்தை மூன்று நாள் முன்னதாக, தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பார்த்ததையெல்லாம் பூமிக்குச் சொல்லி முடிக்க, 2016 அக்டோபர் 25 வரை, 15 மாதங்கள் பிடித்தன. அவ்வளவு மெல்லிய குரல் அதற்கு.

புளூட்டோவுக்கு இன்னொரு கலம் அனுப்புவதாக இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. இன்றைக்கே தீர்மானித்துக் கட்ட ஆரம்பித்தாலும், கட்டி முடித்து, அனுப்பி, அது போய்ச் சேர்வதற்குள் இன்று பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிடலாம். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு இதுதான் காட்சி. இந்தப் படங்கள்தான் புளூட்டோ. இவற்றைச் சொல்ல நாம் எந்த வார்த்தையை வைக்கிறோமோ, அந்த வார்த்தையே அந்த உலகத்தின் ஸ்தானத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருக்கப் போகிறது. ஒரு சொல் போனால் என்ன என்று விட்டுவிடக் கூடிய விஷயமாக எனக்கு இது படவில்லை.

அப்படி வந்து உட்கார்ந்த சொல் எது? இதயம்.

ஜூலை 13-ஆம் தேதி, சுமார் 7½ லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து எடுத்த படம் மறுநாள் உலகம் முழுவதும் பரவியது. பழுப்பும் வெண்மையுமான உருண்டை. அதன் கீழ்ப் பாகத்தில் வெளேரென்று ஒரு பெரிய இதய வடிவம். ஒன்பது வருஷம் முன்பு, 2006 ஆகஸ்டில், சர்வதேச வானியல் சங்கம் புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கிரகம் என்று பெயர் மாற்றியிருந்தது. தள்ளி வைக்கப்பட்ட பிள்ளை தன் இதயத்தைத் திறந்து காட்டுகிறான் என்று ஜனங்கள் உருகிவிட்டார்கள். கேலிச் சித்திரங்கள் வந்தன. வாழ்த்து அட்டைகள் வந்தன. இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கண்ணுக்கு அது இதயமாகத்தான் தெரிகிறது. யார் பார்த்தாலும் தெரியும்.

ஆனால் உவமையைத் தராசில் வைத்துப் பார்க்க நம்மிடம் ஒரு பழைய படிக்கல் இருக்கிறது. தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே தனியாக ஓர் இயல் உண்டு. ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் உள்ள ஒப்புமை எதனால் பிறக்கிறது என்று கேட்டு, செயலால், பயனால், வடிவால், நிறத்தால் என்று அதில் நான்காகப் பிரித்திருக்கிறார்கள். கவிதைக்காகச் சொன்ன இலக்கணம்தான். இருந்தாலும், இந்தப் பனி உலகங்களைப் பற்றிய பேச்சை அந்த நான்கு கூடைகளில் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். வடிவக் கூடையும் நிறக் கூடையும் நிரம்பி வழிந்தன. செயல் கூடையில் கொஞ்சம்; பயன் கூடையில் இன்னும் கொஞ்சம். ஆனால் உருப்படியான சரக்கு இருந்தது அந்தக் கடைசி இரண்டில்தான் என்பது என் அபிப்பிராயம். அதை நிரூபிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இதயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். தூரத்தில் ஒரே வெண்மையாகத் தெரிந்த அந்த வடிவம், கிட்டத்தில் எடுத்த படங்கள் வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடப்புறப் பாதி, சுமார் 1,000 கி.மீ. அகலமுள்ள ஒரு தாழ்ந்த சமவெளி. உறைந்த நைட்ரஜனால் நிரம்பிய பெரும்பள்ளம். அதற்கு ஸ்புட்னிக் சமவெளி என்று பெயரிட்டார்கள். வலப்புறப் பாதியோ மேட்டு நிலம். அந்த மேட்டின் மேல் நைட்ரஜன் பனி படிந்திருக்கிறது. ஒன்று கிணறு, மற்றொன்று வெள்ளையடித்த திண்ணை. இரண்டும் வெளுப்பாக இருப்பதாலும், பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலும் நம் கண் சேர்த்துத் தைத்துக்கொண்ட உருவம்தான் இதயம். புளூட்டோவின் சரித்திரத்தில் அப்படி ஒரு தனிப் பொருள் கிடையாது.

வடிவ உவமையின் குணமே இதுதான். நம் வீட்டுப் பொருளின் ஓரக்கோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்நிய நிலத்தின் மேல் ஒட்டுகிறது. கோடு பொருந்திவிட்டால் மனசு திருப்தியடைந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கேள்வி எழுவதில்லை.

இதைவிடச் சுவாரசியமான உதாரணம் ஒன்று இருக்கிறது. புளூட்டோவைத் தாண்டிய அந்தக் கலம், இன்னும் 160 கோடி கி.மீ. தூரம் போய், 2019 ஜனவரி முதல் தேதி மற்றொரு சின்ன உலகத்தைச் சந்தித்தது. அது நீளவாக்கில் 36 கி.மீ. மட்டுமே உள்ள ஒரு பனிப் பாறை. கலம் பூமியை விட்டுப் புறப்பட்ட காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 2014-இல்தான் ஹப்பிள் அதைத் தேடிப் பிடித்தது. தூரத்தில் எடுத்த முதல் மங்கல் படத்தைப் பார்த்து, பந்துருட்டி விளையாட்டில் நிறுத்தி வைக்கும் கட்டையைப் போலிருக்கிறது என்றார்கள். மறுநாள் தெளிவான படம் வந்தது. இரண்டு உருண்டைகள், ஒன்றின் தலையில் ஒன்றாக. உடனே பனிப் பொம்மை என்று பெயர் வந்துவிட்டது. குளிர் தேசத்துக் குழந்தைகள் பனியை உருட்டி ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பார்களே, அந்தப் பொம்மை. பனியில் பொம்மை செய்து விளையாடாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்த உவமையை விளக்கவே இன்னோர் உவமை தேவைப்பட்டது!

பிப்ரவரி மாதம், கலம் விலகிப் போகும்போது திரும்பிப் பார்த்து எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. பின்னணியில் இருந்த நட்சத்திரங்களில் எவை மறைந்தன, எவை மறையவில்லை என்று கணக்குப் பார்த்தார்கள். பொம்மை நசுங்கிவிட்டது. பெரிய உருண்டை உருண்டையே அல்லவாம். தோசையைப் போலத் தட்டையாம். சின்னது, ஒடுக்கு விழுந்த அக்ரூட் கொட்டையாம். மறு வருஷம், 2020-இல், விரிவான ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியானபோது, பெரிய பகுதியின் அகலம் சுமார் 20 கி.மீ., தடிமன் சுமார் 9 கி.மீ. என்று அளவு கொடுத்தார்கள். இந்த அளவுக்குத் தோசை எப்படிப் பொருந்தும்? இட்லி என்றால் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம்.

இந்தச் சிரிப்புக்கு நடுவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பாறை; இரண்டே மாதத்தில் கட்டையாகவும் பொம்மையாகவும் தோசையாகவும் ஆயிற்று. ஒவ்வொரு உவமையும் படத்துக்கு விசுவாசமாகவே இருந்தது. பாறைக்குத்தான் விசுவாசமாக இல்லை. பெயர்கூட மாறிற்று. அறியப்பட்ட உலகத்துக்கு அப்பால் என்ற பொருளில் முதலில் அல்டிமா தூலே என்று அழைத்தார்கள். அந்தப் பழம் பெயரை ஜெர்மானிய இனவெறிக் கூட்டத்தார் ஒரு காலத்தில் சொந்தம் கொண்டாடியிருந்தது பற்றி ஆட்சேபம் எழுந்தது. 2019 நவம்பரில் அரோகோத் என்று முறையாகப் பெயரிட்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளின் பௌஹாட்டன் பாஷையில் அதற்கு ஆகாயம் என்று அர்த்தம். இது நல்ல பெயர். எதைப் போலவும் இருப்பதாக அது சாதிக்கவில்லை.

சரி, அரோகோத்தைச் செயலால் சொல்ல முடியுமா? முடிகிறது. அந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்திருக்கும் இடத்தில் நசுங்கலோ பிளவோ அதிகம் இல்லை. மோதி ஒட்டியிருந்தால் உடைந்திருக்கும். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து, சுற்று சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில் மெள்ளத் தொட்டுச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். தட்டாமாலை சுற்றும் இரண்டு குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கையை மடக்கி மடக்கி நெருங்கி வந்து, கடைசியில் தோளோடு தோள் இடிக்காமல் நின்றுவிட்டன. 400 கோடி வருஷங்களுக்கு முன்பு நின்ற குழந்தைகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. கிரகங்கள் பிறந்த காலத்தில், அந்த விளிம்பிலே பொருள்கள் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு இது நேரடியான சாட்சி. பொம்மை என்பதில் இந்தச் செய்தியில் ஓர் அணுவும் இல்லை. தட்டாமாலையில் கொஞ்சம் இருக்கிறது.

வடிவத்திலிருந்து செயலுக்குப் போவது விஞ்ஞானிகளுக்கும் தெரியாத வித்தையல்ல. ஒருவிதத்தில் அவர்களுடைய தொழிலே அதுதான். புளூட்டோவின் கிழக்கு ஓரத்தில் வரிவரியாகக் கூர்மையான முகடுகள் தெரிந்தன. முதல் வாரங்களில் அதைப் பாம்புச் சட்டை என்றார்கள், அழகான சொல். பிறகு அந்த முகடுகள் மீத்தேன் பனிக்கட்டி என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையுச்சிகளில் பனி உருகாமலே நேராக ஆவியாகிப் போகும்போது, கத்தி கத்தியாக நிற்கும் பனி முகடுகள் உண்டாகின்றன. சில மீட்டர் உயரமுள்ள அந்த முகடுகளைச் செய்த அதே கை, அங்கே மீத்தேனில் இவ்வளவு பெரிதாகச் செய்திருக்கிறது என்று கருதினார்கள். பாம்புச் சட்டை என்ற சொல்லில் பாம்பைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்காது. ஆண்டீஸ் உவமையில் வெயிலும் காற்றும் காலமும் கிடைக்கின்றன.

வாயேஜர்-2 என்ற பழைய கலம் 1989 ஆகஸ்ட் 25 அன்று நெப்டியூனைக் கடந்தபோது, அதன் சந்திரனாகிய டிரைட்டானையும் பார்த்தது. அதன் தரையில் ஒரு பாகம் முலாம்பழத் தோலைப் போல் இருந்ததால், இன்றைக்கும் அதற்கு முலாம்பழ நிலம் என்றே பெயர். 35 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேறு கலம் எதுவும் அங்கே போகவில்லை. பழத்தின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த நிலம் எதனால் அப்படி ஆயிற்று என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பூஜ்யத்துக்கு 235 டிகிரி கீழே குளிர்ந்து கிடக்கும் அந்த உலகத்தில், தரையிலிருந்து பீறிட்டுக்கொண்டு 8 கி.மீ. உயரத்துக்குக் கரும்புகைபோல் எழும் ஊற்றுகளையும் அதே கலம் கண்டது. எனக்குத் தெரிந்து பழத்தை நினைவு வைத்திருப்பவர்களே அதிகம். ஊற்றை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

இனி உலைப்பானைக்கு வருகிறேன். இதயத்தின் இடப்புறம் என்று சொன்னேனே, அந்த ஸ்புட்னிக் சமவெளியில் ஒரு விண்கல் பள்ளம்கூட இல்லை. புளூட்டோவின் மற்ற இடங்களில் அம்மை வடு போலப் பள்ளங்கள் நிறைய உண்டு. இங்கே மட்டும் தரை நேற்றுப் போட்டதுபோல் இருக்கிறது. அதுமட்டுமல்ல, சமவெளி முழுவதும் 10 முதல் 40 கி.மீ. வரை அகலமுள்ள பாத்திகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாத்தியும் நடுவில் சற்று உயர்ந்து, ஓரத்தில் தாழ்ந்திருக்கிறது.

நம் சமையலறையில் சிறு தீயில் கூழ் கொதிக்கும்போது எட்டிப் பாருங்கள். அடியில் சூடானது நடுவில் எழும்பி வருகிறது. மேலே வந்து ஆறினது ஓரத்தில் இறங்கிப் போகிறது. மேற்பரப்பில் வட்டம் வட்டமாக ஒரு கோலம் உண்டாகிறது. ஸ்புட்னிக் சமவெளியில் நடப்பதும் இதுவே என்று 2016-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அவர்கள் தங்கள் தேசத்து அலங்கார விளக்கு ஒன்றை உவமை சொன்னார்கள்; நமக்கு உலைப்பானை போதும். பல கி.மீ. ஆழத்துக்கு நிரம்பியிருக்கும் நைட்ரஜன் பனிக்கட்டி, கட்டியாக இருந்துகொண்டே புரண்டு கொடுக்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். நம் நகம் வளருகிற வேகம். சுமார் 5 லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை மேல்தரை முழுவதும் புதிதாகிவிடும் என்று கணக்கிட்டார்கள். பள்ளங்கள் இல்லாததன் காரணம் இதுதான். விழுந்த வடு எதையும் அந்தப் பானை விழுங்கிவிடும். ஓரங்களிலே மலைகள் நிற்கின்றன. தண்ணீர்ப் பனிக்கட்டியாலான மலைகள். நைட்ரஜன் கட்டியைவிடத் தண்ணீர்க் கட்டி லேசானது. ஆகையால் அவற்றில் சில உண்மையிலேயே மிதந்துகொண்டிருக்கலாம்.

பூஜ்யத்துக்கு 230 டிகிரி கீழே, சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 500 கோடி கி.மீ. தூரத்தில், செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்திருந்த ஓர் உலகம் இன்னும் புரண்டுகொண்டிருக்கிறது! இந்தப் பிரயாணத்தின் பெரிய செய்தி இது. இதைச் சொல்ல இதயத்துக்குச் சக்தி இல்லை. நல்ல இதயம் துடிக்கும் என்று யாராவது சாதுரியம் பேசலாம். ஆனால் அந்தப் படத்தைக் கண்டு உருகியவர்கள் துடிப்பைக் கண்டு உருகவில்லை, ஓரக்கோட்டைக் கண்டே உருகினார்கள்.

செயல் உவமையின் இன்னொரு சிறப்பும் இங்கே வெளிப்படுகிறது. அதனோடு சண்டை போட முடியும். உலைப்பானை என்று சொன்ன உடனே, "அடுப்பு எங்கே?" என்ற கேள்வி வருகிறது. புளூட்டோவின் உள்ளே இருக்கும் பாறையின் கதிரியக்கச் சூடுதான் அடுப்பு என்று முதலில் சொன்னார்கள். 2021-இல் வேறு சிலர் ஒரு மறுப்பு எழுதினார்கள். அடியில் தீ வேண்டியதில்லை. மேற்பரப்பிலே பனி ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது, குளிர்ந்து கனத்தது கீழே இறங்குகிறது, அதனாலேயே முழுவதும் புரள்கிறது என்பது அவர்கள் கட்சி. அதாவது, அடுப்பிலிருக்கும் பானை அல்ல. இறக்கி வைத்து மேலே ஆறிக்கொண்டிருக்கும் பால். எவ்வளவு நல்ல சண்டை! இரண்டு பக்கமும் ஒரே உவமைக்குள் நின்றுகொண்டு, அதன் அடிப்புறமா மேற்புறமா என்று வாதாடுகிறார்கள். அதில் நமக்கும் இடம் இருக்கிறது. சமையலறையில் நின்று யோசிக்கலாம். இதயம் என்ற சொல்லோடு இப்படி யார் வாதாட முடியும்?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வண்ணமும் நீலமும் மஞ்சளுமாக, கல்யாண மேடைபோல் ஜொலிக்கும் புளூட்டோவின் படம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். தரையில் எங்கெங்கே என்ன பொருள் இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்காக நிறங்களை மிகைப்படுத்திச் செய்த படம் அது. செய்தவர்கள் அப்படியே குறிப்பும் எழுதினார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. ஆனால் படம் பத்துக் கை மாறுவதற்குள் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. கண்ணால் பார்த்தால் புளூட்டோ வெளிறின பழுப்பு. வெண்ணெயும் காய்ச்சின பாலும் மரப்பட்டையும் கலந்த நிறம். எனக்கு அந்த அடக்கமான நிறமே போதும் என்று தோன்றுகிறது.

பயனால் வந்த உவமை ஒன்றே ஒன்றுதான் எனக்கு அகப்பட்டது. ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. புளூட்டோவில் சூரிய ஒளி இங்கே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்படிச் சொன்னால் கும்மிருட்டு என்று நினைப்போம். நாஸா ஸ்தாபனத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கே சூரியன் அஸ்தமித்த சற்று நேரத்தில் இருக்கிற வெளிச்சம்தான் அங்கே நடுப்பகல் வெளிச்சம் என்று கணக்குப் போட்டு, உங்கள் ஊரில் அது எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்துக்கொள்ளவும் வகை செய்தார்கள். மொட்டை மாடிக்குப் போய் நின்றால் போதும்; பத்திரிகை இன்னும் படிக்கத் தெரிகிற அந்த வெளிச்சத்தில், நம் கையும் காலும் அங்கே எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். இங்கே புளூட்டோவை நம் சாமானாக்கவில்லை. நம்மைப் புளூட்டோவுக்குக் கொண்டு போகிறார்கள். உவமையின் தர்மம் இதுவல்லவா?

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இதயம் இல்லாவிட்டால் அந்தப் படத்தை இத்தனை கோடி ஜனங்கள் பார்த்திருப்பார்களா? வரிப் பணம் கொடுத்த ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா? இந்தக் கலத்துக்காகப் பல வருஷம் போராடிய ஆலன் ஸ்டெர்ன் என்ற விஞ்ஞானி, டேவிட் கிரின்ஸ்பூனுடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தால் இந்த நியாயத்தின் பலம் தெரியும். திட்டம் எழுதுவதும் ரத்தாவதும், மறுபடி எழுதுவதும், கமிட்டிகளில் மல்லாடுவதுமாகப் புத்தகத்தின் பெரும் பகுதி போய்விடுகிறது. புளூட்டோ வந்து சேருவது கடைசியில்தான். ஜனங்களின் பிரியம் இல்லாமல் அந்தக் கலம் தரையை விட்டே கிளம்பியிருக்காது என்று அந்தப் புத்தகம் நம்மை நம்ப வைக்கிறது. நானும் நம்புகிறேன்.

ஆனால் பிரியம் வாசல்படி. அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. இதயத்தைக் காட்டி உள்ளே அழைத்த பிறகு, உலைப்பானையையும் காட்ட வேண்டாமா? பள்ளிப் பாடப் புத்தகத்திலே இதயப் படத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், 9½ வருஷப் பிரயாணத்தின் பலன் வாழ்த்து அட்டையோடு முடிந்துபோகும். ஜனங்களுக்குப் புரியாது என்று சாக்குச் சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூழ் கொதிப்பதையும் பால் ஆறுவதையும் பார்க்காத வீடு எது?

கலம் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. 2024-ஆம் வருஷக் கடைசியில் அது சூரியனிலிருந்து சுமார் 900 கோடி கி.மீ. தூரத்தைத் தொட்டது. அடுத்துச் சந்திக்க அதற்கு இன்னோர் உலகம் இதுவரை அகப்படவில்லை. அது அனுப்பிய படங்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், இதயப் படத்தைச் சொல்ல மாட்டேன். புளூட்டோவைத் தாண்டிக் கால் மணி நேரம் ஆனபின், சுமார் 18,000 கி.மீ. தூரத்திலிருந்து, சூரியன் பக்கமாகத் திரும்பிப் பார்த்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மலைகளின் நிழல் சமவெளியின் மேல் நீண்டு விழுகிறது. அடிவானத்துக்கு மேலே மெல்லிய மூடுபனி அடுக்கடுக்காக நிற்கிறது. மாலை நேரம் என்று பார்த்ததும் தெரிகிறது. அதைப் பற்றி அதற்கு மேல் எந்த உவமையும் எனக்குத் தேவைப்படவில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால், இதயத்தைக் காட்டின கையோடு இந்தப் படத்தையும் காட்டுங்கள். "அந்த ஊரில் இப்போது சாயங்காலம்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.